மரத்த கை – அத்தியாயம் 9: ஊசிக்கு முன், ஊசிக்குப் பின்

போன வாரம் கடை ஷட்டரைப் பாதியில் இறக்கிவிட்டு டேப்பக்கா அழுதுகொண்டிருந்தாள். அவளை அந்த நிலையில் விட்டுவிட்டுப் போனதற்கு என்னைத் திட்டாதவர்கள் இல்லை. கவலை வேண்டாம், முகம் கழுவிவிட்டாள். இன்று அவளுக்கு அழ நேரமில்லை. குமட்டவே நேரம் போதாது.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டேப்பக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. இடுப்பில் எப்போதும் ஸ்டீல் டேப்பைச் செருகிக்கொண்டு திரிவதால் கடை ஆட்கள் வைத்தது. கண்ணாடிக் கடையில் அளவெடுப்பது, ஆர்டர் பிடிப்பது எல்லாம் அவள்தான். அறுப்பது அவள் கணவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கண்ணாடியில்தான் மாஸ்டர், வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் ஒரு வாரம் யோசிப்பார்.

ஐந்து மாதத்துக்கு முன் ஓர் ஆளுயர முகக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, பின்னால் பிடித்திருந்த புது ஆள் "படி!" என்று கத்தினான். மாஸ்டர் திடுக்கிட்டார். கண்ணாடி வழுக்கி அவருடைய வலது மணிக்கட்டில் இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா அறுந்த நரம்பைத் தைத்தார். "நரம்பு மெதுவாத்தான் வளரும். மணிக்கட்டுல ஆரம்பிச்சு விரல் நுனிக்கு வந்து சேர ஒரு வருஷம்கூட ஆகலாம். பொறுமையா இருங்க" என்றார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துக் கிடந்தன. சூடான டம்ளரைப் பிடித்துத் தோல் வெந்ததுகூட மாஸ்டருக்குத் தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்டெம் செல்னு சொல்றாங்களே டாக்டர்?" என்று அன்று கேட்டவன் டேப்பக்காவின் தம்பி.

"நல்ல ஆராய்ச்சிதான். எலிக்கு நல்லா வேலை செய்யுது. மனுஷங்களுக்குச் செய்யுதான்னு இன்னும் சோதனை பண்ணிட்டுதான் இருக்காங்க. அதுக்குள்ள யாராவது கூப்பிட்டு உட்கார வச்சு ஊசி போடறேன்னு சொன்னா, எழுந்து வந்துடுங்க."

மாஸ்டர் காதில் விழுந்தது 'நல்லா வேலை செய்யுது' என்பது மட்டும். எலியைக்கூட வழியில் இறக்கிவிட்டுவிட்டார்.

தம்பியும் முன்பு கண்ணாடி தூக்கியவன்தான். அப்பா போன பிறகு டேப்பக்கா வளர்த்த பிள்ளை. இப்போது ஒரு தனியார் கிளினிக்கில் வேலை. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் கோட்டு போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான். 'நோயாளி நல ஒருங்கிணைப்பாளர்' என்று கார்டு வேறு. வீட்டில் அவனுக்குப் பெயர் கோட்டு. எழுந்து வரச் சொன்ன இடத்தில் மாமாவை உட்கார வைத்தவன் அவன்தான்.

இனி இன்றைய கதை.

அந்தக் கிளினிக் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படி ஏறும்போதே எலுமிச்சை ஸ்பிரே மூக்கில் அடிக்கும். அதற்கு அடியில் ஸ்பிரிட் வாடை. அதற்கும் அடியில், நாள்பட்ட ஈரத் துணியின் நாற்றம். டேப்பக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினாள்.

வரவேற்பறையில் ஒரு மீன் தொட்டி. ஒரு மீனுக்கு வால் பக்கம் பஞ்சு மாதிரி பூஞ்சை பிடித்திருந்தது. மற்ற மீன்கள் அந்த இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தன. போன மாதமும் இதே மீன், இதே பூஞ்சை. கண்ணெதிரே இருக்கிற மீனையே கவனிக்காதவர்கள், தோலுக்கு அடியில் இருக்கிற நரம்பைக் கவனிக்கவா போகிறார்கள் என்று அன்றைக்கே அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள்.

"வா அக்கா! வாங்க மாமா! இன்னிக்கு மாமாதான் ஹீரோ!"

கோட்டு கையில் கிரீம் பன்னோடு வந்தான். விரலில் வழிந்த கிரீமை ஒவ்வொரு விரலாக நக்கினான். நக்கிய கையாலேயே மாமாவின் காலரை இழுத்துச் சரிசெய்தான். காலரில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. மாஸ்டர் சிரித்தார். டேப்பக்காவுக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை, அந்த வெள்ளையும் பிடிக்கவில்லை.

முதல் ஊசிக்கு இங்கே நடந்ததை அவள் மறக்கவில்லை. மாஸ்டரின் தொப்பையில் குழாயைச் செருகிக் கொழுப்பை உறிஞ்சினார்கள். மஞ்சளும் சிவப்புமாக ஒரு பாட்டில் நிறைந்தது. கோட்டு அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "தங்கம்க்கா இது! இதுக்குள்ளதான் ஸ்டெம் செல் இருக்கு" என்றான். அதை ஒரு மெஷினில் சுற்றவிட்டு, அடியில் படிந்ததை மணிக்கட்டில் ஏற்றினார்கள். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். அந்த ஃப்ரிட்ஜில் யாருடைய சாப்பாட்டு டப்பாவோ, பாதி குடித்த ஜூஸ் பாட்டிலோடு இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அதிலிருந்து வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிற எதையும் அவள் வாயில் வைப்பதில்லை.

பிறகு ஏன் திரும்ப வந்தாள்? மாஸ்டரின் முகத்துக்காக வந்தாள். ஐந்து மாதமாக அவர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கூலி ஆட்கள் அறுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோணலாக அறுத்தாலும் வாயைத் திறப்பதில்லை. ஊசி என்று சொன்ன அன்றுதான் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதை ஊதி அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கு வீடியோ எடுக்கும் நாள். 'ஊசிக்கு முன்' போன மாதமே எடுத்தாகிவிட்டது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி விரலைத் தொட்டார்கள், மாஸ்டர் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. இன்று 'ஊசிக்குப் பின்'. வீடியோ நன்றாக வந்தால் அடுத்த ஊசி இலவசம் என்று கோட்டு சொல்லியிருந்தான்.

பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் துணி டேப் தொங்கியது. இவள் இடுப்பில் ஸ்டீல் டேப். இரண்டு பேரும் ஒருத்தியின் டேப்பை ஒருத்தி பார்த்துச் சிரித்ததில் பேச்சு ஆரம்பித்தது.

"கண்ணாடிக் கடையா? நல்லதாப் போச்சு. என் கடையில போட்டுப் பாக்கற ரூம் கண்ணாடி மூலை உடைஞ்சு போய் கிடக்கு. வர்றவங்க சேலையெல்லாம் மாட்டுது."

"எங்க இருக்கு கடை?"

"அடுத்த தெருதான். பேக்கரிக்கு எதிர்ல."

"சாயந்தரம் வந்து அளவெடுத்துக்கறேன் அக்கா."

தையல்காரம்மாவுக்கு அந்தப் பக்கம் அவள் மகன். இருபது வயதிருக்கும். பைக்கிலிருந்து விழுந்ததில் தோளில் நரம்பு அறுந்து, வலது கை வெறுமனே தொங்கியது. அதை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மீன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் வச்சிருக்காங்க" என்றாள் தையல்காரம்மா. "கால்ல இருந்து நரம்பை எடுத்துத் தோள்ல வச்சுத் தைப்பாங்களாம். தள்ளிப் போட்டா கை சதையெல்லாம் வத்திடும், அப்புறம் தைச்சும் பிரயோஜனம் இல்லன்னாங்க. நல்லா இருக்கற காலையும் வெட்டணுமான்னு எனக்கு மனசு ஆறல. இங்க கத்தியே வேணாம்னு சொல்றாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கு? ஒரு பொம்பளையா நினைச்சு நிஜத்தைச் சொல்லும்மா."

எதிரில் கோட்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"பரவாயில்லன்னுதான் சொல்றாரு" என்றாள்.

அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. அதனால்தான் சொல்ல சுலபமாக இருந்தது.

"நீங்களும் உள்ள வாங்கம்மா! தம்பி, நீயும் வா!" என்று கோட்டு அவர்களைக் கூப்பிட்டான். "எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது. கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

எல்லோரும் உள்ளே போனார்கள். அங்கே டாக்டர் என்று சொல்லப்பட்டவர் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். வந்ததை உற்றுப் பார்த்துவிட்டு, பேண்டில் துடைத்துவிட்டு, அதே கையில் கையுறையை மாட்டினார். டேப்பக்கா பார்வையைச் சுவருக்குத் திருப்பினாள். சுவரில் சிரித்த முகங்களாக மாட்டியிருந்தார்கள். நாளைக்கு மாஸ்டர் முகமும் அங்கே ஏறும்.

மாஸ்டர் மேசை மேல் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். கோட்டு செல்போனைத் தூக்கிப் பிடித்தான். டாக்டர் ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்துக் கட்டைவிரல் நுனியில் வைத்தார்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"ட்ச்" என்று கோட்டு நாக்கைத் தட்டினான், ஏதோ அதிசயத்தைப் பார்ப்பவனைப் போல.

"கட்டைவிரல்" என்றார் மாஸ்டர்.

தையல்காரம்மா டேப்பக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். குச்சி அடுத்த விரலுக்குப் போனது.

"ட்ச், ட்ச்."

"ஆள்காட்டி விரல்."

ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் டேப்பக்காவின் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. நன்றாக ஆகிவிட்டது, நான்தான் சந்தேகப்பட்டேன், தம்பியைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்றெல்லாம் ஓடியது. குச்சி நடுவிரலில் நின்றது.

"ட்ச், ட்ச், ட்ச்."

"நடுவிரல்!"

தையல்காரம்மா அழுதேவிட்டாள். டேப்பக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை தேடினாள். கைக்குட்டை கைப்பையில். கைப்பை தோளில் இல்லை. குனிந்து பார்த்தாள். அவள் காலடியில், தரையில் இருந்தது.

நான் எப்போது இதைக் கீழே வைத்தேன்?

இங்கே ஒரு தொழில் சங்கதி சொல்லியாக வேண்டும். ஆளுயர முகக்கண்ணாடியை இரண்டு பேர் தூக்கும்போது முன்னால் போகிறவருக்குப் பின்னால் இருப்பவர் தெரியாது. வாயைத் திறந்து கத்தவும் கூடாது. கத்தினால் கை உதறும், கை உதறினால் கண்ணாடி போகும். அதனால் டேப்பக்காவின் அப்பா காலத்திலிருந்தே அந்தக் கடையில் நாக்குச் சத்தம்தான் பேச்சு. ஒரு தட்டு தட்டினால் படி வருகிறது. இரண்டு தட்டினால் திரும்பு. மூன்று தட்டினால் நில், கீழே வை. மாஸ்டரும் கோட்டும் எத்தனையோ கண்ணாடிகளை அப்படித் தூக்கியிருக்கிறார்கள். ஆள் இல்லாத நாட்களில் டேப்பக்காவும் தூக்கியிருக்கிறாள். அந்தச் சத்தத்துக்கு அவர்கள் உடம்பு யோசிக்காமல் கீழ்ப்படியும்.

மூன்று தட்டு கேட்டதும் அவள் கை தானாகப் பையைக் கீழே வைத்திருக்கிறது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மாஸ்டரின் விரல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் காதுதான் சொல்லியிருக்கிறது. கட்டைவிரலுக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு மூன்று. அப்பா சொல்லிக்கொடுத்த சத்தம். ஒரு கண்ணாடி உடையக் கூடாது, ஒருவர் கை அறுபடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட சத்தம். அதை இந்தப் பயல் இந்த நாறும் அறைக்கு எடுத்து வந்திருக்கிறான்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" தையல்காரம்மா மாஸ்டரின் மரத்த கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கண்ணீர் அந்த விரல்களில் ஓடியது. அதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது. தையல்காரம்மா திரும்பி டேப்பக்காவைப் பார்த்தாள். "நிஜம்தானே?"

கோட்டும் அக்காவைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் சிரிக்கவில்லை.

சொல்லியிருக்கலாம். 'இல்லை' என்று ஒரே ஒரு வார்த்தை. ஆனால் எதிரில் நின்றவன் அவள் சோறூட்டி வளர்த்தவன், பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் அவள் கட்டிக்கொண்டவர். டேப்பக்கா வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள்.

குடித்த காபி, தின்ற ரொட்டி எல்லாம் வந்தது. வாஷ்பேசினில் யாரோ துப்பியிருந்த பான் கறையும் யாருடையதோ முடியும் இருந்தன. அதைப் பார்த்ததில் இன்னொரு தடவை வந்தது. அவள் கொப்பளித்து, முகம் துடைத்து வெளியே வந்தபோது தாயும் மகனும் போய்விட்டிருந்தார்கள்.

"என்னக்கா, சந்தோஷம் தாங்கலையா?" என்றான் கோட்டு.

"நாக்குல என்னடா சத்தம்?"

"எது? ஓ, அதுவா? ஆச்சரியத்துல வந்துச்சு."

"என்கிட்டயே கதை விடறியா?"

"மெதுவாப் பேசு. மாமாவுக்கு அடுத்த ஊசி இலவசம். யாருக்காகப் பண்றேன்? உனக்காகத்தான்." அவன் கோட்டின் கைப்பகுதியில் ஒட்டியிருந்த கிரீமைக் கண்டுபிடித்து அதையும் நக்கினான். "போய் ரெஸ்ட் எடு."

வீட்டுக்கு வந்ததும் தட்டை எடுத்து வைத்தாள், சோற்றைப் போட்டாள், எதிரில் உட்கார்ந்தாள். மாஸ்டர் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட ஆரம்பித்தார். மேசை மேல் கிடந்த அந்த வலது கையை அவள் ஐந்து மாதமாகக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வருகிறாள். இன்று அதைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"முன்னாடியே பேசி வச்சுக்கிட்டீங்களா?"

ஸ்பூன் நின்றது.

"இல்ல."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல. முதல் சத்தம் கேட்டப்ப எனக்கே ஒண்ணும் புரியல. ஒண்ணுன்னதும் முதல் விரலை வாய் தானா சொல்லிடுச்சு. ரெண்டாவதுலதான் புரிஞ்சுது."

"அப்ப மூணாவதுல?"

மாஸ்டர் தட்டைப் பார்த்தார்.

"மூணாவதுல நல்லா இருந்துச்சு" என்றார். "அந்தம்மா அழுதுச்சு. நீயும் அழுதே. அஞ்சு மாசமா என்னை எல்லாரும் பாவமேன்னுதான் பாக்கறீங்க. இன்னிக்குத்தான் எல்லாரும் வேற மாதிரி பாத்தீங்க. வாயை மூட முடியல."

"தூ!"

அவள் துப்பவில்லை, சொன்னாள். ஆனால் துப்பியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"அந்தப் பையனுக்குத் திங்கக்கிழமை ஆபரேஷன். உங்க நடுவிரலைப் பாத்துட்டு அவங்க அம்மா அதை வேணாம்னு சொல்லப் போறா. தள்ளிப் போட்டா அவன் கை செத்துடும். இருபது வயசு! உங்களுக்கு நல்லா இருந்துச்சாம்!"

"நான் என்ன பண்ணணும்னு சொல்றே? உன் தம்பி மானம் போயிடும். அவன் வேலையும் போயிடும்."

"போகட்டும்."

"நீ ஏன் அங்கேயே சொல்லல?"

டேப்பக்காவிடம் அதற்குப் பதில் இருந்தது. அவளும் மாஸ்டரைப் போலத்தான், வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடியும் மூட வேண்டிய இடத்தில் திறந்தும் கெடுத்தவள். தன் மீதே அவளுக்கு ஒரு நாற்றம் அடிப்பது போல் இருந்தது. எழுந்து போய்க் கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள். போதவில்லை, இன்னொரு தடவை கழுவினாள்.

"கிளம்புங்க" என்றாள்.

"எங்க?"

"கண்ணாடிக்கு அளவெடுக்கணும்."

தையல் கடை பேக்கரிக்கு எதிரில், ஒற்றை அறை. இரண்டு மெஷின், ஒரு மூலையில் திரை போட்ட அறை, அதற்குள் மூலை உடைந்த கண்ணாடி. தையல்காரம்மா துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் பெரிய கத்திரிக்கோல்.

"வாங்க வாங்க! அவரையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா! ஐயா, உங்க கை ராசியான கை" என்று முகமெல்லாம் மலர்ந்தாள்.

டேப்பக்கா இடுப்பிலிருந்த டேப்பைத் தொடவே இல்லை. ஃபேனை நிறுத்தினாள். பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். மாஸ்டரை ஸ்டூலில் உட்கார வைத்து, வலது கையை வெட்டு மேசை மேல் எடுத்து வைத்தாள்.

"கண்ணை மூடுங்க" என்றாள் அவரிடம். பிறகு தையல்காரம்மாவிடம், "நீங்களே தொடுங்க அக்கா. எந்த விரல்னு கேளுங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டாள்.

தையல்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கத்திரிக்கோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு பட்டனை எடுத்துக் கட்டைவிரல் நுனியில் வைத்து அழுத்தினாள்.

தெருவில் ஒரு வண்டி போனது. பிறகு அதுவும் இல்லை.

"எந்த விரல் ஐயா?"

"தொட்டுட்டீங்களா?" என்றார் மாஸ்டர்.

தையல்காரம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அடுத்த விரலில் வைத்தாள். "தெரியல" என்றார். நடுவிரலை நகத்தோடு சேர்த்துப் பிடித்துக் கிள்ளினாள். "தெரியலம்மா" என்றவர் கண்ணைத் திறந்தார். திறந்த கண்ணால் அவளைப் பார்க்க முடியாமல் மேசையில் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"காலையில நான் சொன்னது பொய். என் மச்சான் நாக்கால சத்தம் குடுத்தான். நாங்க கண்ணாடி தூக்கும்போது குடுத்துக்கற சத்தம். அதைக் கேட்டுத்தான் சொன்னேன். விரல்ல ஒரு உணர்ச்சியும் இல்ல."

தையல்காரம்மா கையிலிருந்த பட்டனை அவர் உள்ளங்கையில் வீசி அடித்தாள்.

மாஸ்டர் துள்ளினார். "ஷாக் அடிக்குது!"

"இன்னும் நடிப்பா?"

"இல்லக்கா, அது நடிப்பு இல்ல" என்று டேப்பக்கா முன்னால் வந்தாள். "நரம்பு வளர்ந்து வந்த இடத்தைத் தட்டினா அப்படித்தான் கூசும்னு பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாங்க. ஊசி போடறதுக்கு முன்னாடியே தட்டிக் காட்டினாங்க. அப்ப மணிக்கட்டுக்குப் பக்கத்துல இருந்துச்சு. இப்ப உள்ளங்கைக்கு வந்திருக்கு. அவங்க தைச்சதுதான் வளருது அக்கா, மெதுவா வளருது. உங்க பையனுக்கும் திங்கக்கிழமை தைக்கட்டும். தள்ளிப் போடாதீங்க."

தையல்காரம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரைப் பார்த்த பார்வையைவிட அது மோசமாக இருந்தது.

"அவர்கிட்ட நான் கேக்கல. உன்கிட்டதான் கேட்டேன். ஒரு பொம்பளையா நினைச்சு நிஜத்தைச் சொல்லுன்னு கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். நீ வாயைப் பொத்திக்கிட்டு ஓடினே. சீ! நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

டேப்பக்கா தலையைக் குனியவில்லை. அந்த 'சீ' அவளுக்குச் சேர வேண்டியதுதான். நின்று வாங்கிக்கொண்டாள்.

"திட்டுங்க அக்கா. அப்புறம் நிறையத் திட்டுங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி ஆபரேஷனை உறுதி பண்ணுங்க."

"மத்தியானமே வேணாம்னு சொல்லிட்டேன்." தையல்காரம்மாவின் குரல் உடைந்தது. "உன் தம்பிதான் கடைக்கே வந்து, பக்கத்துல இருந்து பேச வச்சான்."

"பையன் எங்க?"

"அவன்தான் கூட்டிட்டுப் போனான். இன்னிக்கே வயித்துல கொழுப்பு எடுத்துடலாம், லேட் பண்ண வேணாம்னு சொன்னான். நீ வந்து அளவெடுப்பேன்னு நான் கடையிலயே இருந்துட்டேன்."

அந்த மீன் தொட்டி, அந்த ஃப்ரிட்ஜ், காதைக் குடைந்த அந்த விரல் எல்லாம் ஒன்றாக டேப்பக்காவின் கண்முன் வந்தன. இந்த முறை வாந்தி வரவில்லை, கோபம் வந்தது.

தையல்காரம்மா மகனுக்கு ஃபோன் போட்டாள். போட்டு மேசை மேல் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள். பேச்சு இல்லை. மீன் தொட்டியில் காற்றுக் குமிழி விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கண்ணு? அம்மா பேசறேன். எங்கடா இருக்கே?"

டேப்பக்கா ஃபோன் பக்கம் குனிந்தாள்.

"டேய், நீதான் எடுத்திருக்கேன்னு தெரியும். அந்தப் பையன் மேல ஊசி படக் கூடாது. எல்லாத்தையும் சொல்லிட்டோம். அவன்கிட்ட ஃபோனைக் குடு."

குமிழிச் சத்தம் தொடர்ந்தது. யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு, மெதுவாக, தெளிவாக, ஒவ்வொன்றாக:

"ட்ச். ட்ச். ட்ச்."

நில். கீழே வை.

ஃபோன் துண்டிக்கப்பட்டது. திரும்பப் போட்டாள், அணைத்து வைத்திருந்தார்கள்.

மாஸ்டரின் இடது கை தானாகக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அதை அவரும் பார்த்தார், அவர் மனைவியும் பார்த்தாள். தன் கையைப் பார்த்து ஒரு மனிதன் இவ்வளவு அருவருத்து அவள் கண்டதில்லை. அவர் அந்தக் கையை உதறினார், ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"போலாம்!" என்று வாயைத் திறந்து கத்தினார். கண்ணாடி தூக்கும் மனிதர், வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தினார்.

டேப்பக்கா செருப்பைத் தேடுவதற்குள் தையல்காரம்மா தெருவைத் தாண்டிவிட்டிருந்தாள். துணி வெட்டிக்கொண்டிருந்த பெரிய கத்திரிக்கோலை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.